தொழிலாளரும் போதைச் சோதனையும்

1987 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4 ஆம் நாள், வாஷிங்டனிலிருந்து பாஸ்டன் நகருக்குச் சென்ற பயணிகள் ரயில் ஒன்று மேரிலாந்து மாநிலத்துச் சேஸ் என்னும் சிற்றூரை நெருங்கியது. மணிக்கு நூறு மைலுக்கு மேற்பட்ட வேகம். பக்கத்துத் தண்டவாளத்தில் கான்ரெயில் கம்பெனியின் எஞ்சின்கள் மூன்று, பெட்டி எதுவும் பூட்டப்படாமல் வந்தன. நிற்கவேண்டிய கைகாட்டிக்கு நில்லாமல் அவை பயணிகள் ரயிலின் பாதையிலேயே வந்து நின்றன. மோதலில் 16 பேர் மாண்டனர். எஞ்சின் ஓட்டியவரும் அவருடைய துணைவரும் கஞ்சா புகைத்தவர்கள் என்பது பின்னர் வெளியாயிற்று. எச்சரிக்கை ஊதலும் ஓசை எழாதவாறு ஒட்டுநாடாவால் அடைக்கப்பட்டிருந்தது.

இருப்புப்பாதையில் குடிக்கு எதிரான போர் இவ்விபத்தினால் தொடங்கியதன்று. அது அமெரிக்க ரயிலோடு ஒத்த வயதுடையது எனலாம். பணியிலிருப்பவரும், பணிக்கு அழைக்கப்படக் காத்திருப்பவரும் மதுவைத் தொடலாகாது என்பது கம்பெனிகளின் விதிநூலில் 'ஜி' விதி எனப் பெயர்பெற்றிருந்தது. மீறியவனுக்குத் தண்டனை வேலைநீக்கம். ஆனால், மீறியவனைக் கண்டுபிடிப்பது யாங்ஙனம்? மேற்பார்வையாளரின் கண்ணும் மூக்குமே அந்நாளைய கருவிகள். உடன் உழைப்பவன் பிழைப்பைக் கெடுக்க எவனும் எளிதில் முன்வரான். ஏழு பெரிய ரயில் கம்பெனிகளில் 1979 ஆம் ஆண்டு நடந்த ஆராய்ச்சி ஒன்று, எட்டுத் தொழிலாளருள் ஒருவர் அவ்வாண்டில் ஒரு முறையேனும் பணிநேரத்தில் குடித்தவர் என மதிப்பிட்டது. 1972 முதல் 1983 வரை மதுவோ போதைப்பொருளோ காரணமாயிருந்த பெரும் விபத்துகள் 21 என்றும், அவற்றில் இறந்தோர் 25 பேர் என்றும் மத்திய அரசின் ரயில் நிருவாகம் கணக்கெடுத்தது.

இதற்கிடையே அறிவியல் புதுக் கருவிகளைத் தந்துவிட்டது. இந்தியானா மாநிலத்துப் போலீஸ் அதிகாரியாயிருந்த ராபர்ட் போர்கென்ஸ்டைன் 1954 இல் மூச்சிலுள்ள மதுவை அளக்கும் பெட்டியை அமைத்தார். 1971 இல் வியட்நாமிலிருந்து தாயகம் திரும்பும் அமெரிக்கப் போர்வீரர் ஒவ்வொருவரும் சிறுநீரைக் கொடுத்த பின்னரே விமானம் ஏறலாயினர். போர்க்களத்தில் கற்ற வித்தை ஊருக்குள் வருவதற்கு நெடுங்காலம் ஆகவில்லை. 1985 இல் ரயில் நிருவாகம், பெரும் விபத்து நேர்ந்தால் தொடர்புடைய ஊழியர் அனைவரும் இரத்தமும் சிறுநீரும் தரவேண்டும் என விதித்தது. ஐயப்பாட்டிற்கு இடமுண்டா என்று தனித்தனியே ஆராயவேண்டுவதில்லை.

தொழிற்சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. ஒருவன்மேல் ஐயம் எழுவதற்கு முன்பே அவன் உடலைச் சோதிப்பது, அரசியல் சட்டம் தடுக்கும் காரணமற்ற சோதனையாகும் என்பது அவற்றின் வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1988 இல் சங்கங்களின் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றமோ 1989 மார்ச்சு 21 ஆம் நாள், எழுவர் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகப் பிரிந்து, அரசுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மறுத்த இருவருள் ஒருவர் தர்குட் மார்ஷல். நெருக்கடி என்று கூறப்படும் வேளையில்தான் உரிமைகள் பறிபோகின்றன என்று எச்சரித்த அவர், இரண்டாம் உலகப்போரில் சப்பானிய வழிவந்தோர் முகாம்களில் அடைபட்டதை நினைவூட்டினார்.

அன்றே வெளிவந்த மற்றொரு தீர்ப்பைப் பலர் மறந்துவிட்டனர். உண்மையில் அதுவே சிந்தனைக்கு அதிக விருந்தாவது. சுங்க இலாகாவில் பதவி உயர்வு வேண்டுவோரும் சிறுநீர் தரவேண்டும் என்ற விதியை நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் ஏற்றது. ரயில் வழக்கில் அரசோடு சேர்ந்த நீதிபதி ஸ்காலியா இதில் எதிர்த்தார். ரயில் விபத்துக்குச் சான்று உண்டு. சுங்கத்தில் 3,600 பேரைச் சோதித்தும் ஐவரே அகப்பட்டனர். கேடு நேர்ந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டும் அரசு காட்டவில்லை என்பது அவர் கருத்து. மிகையின்றிச் சொன்னால், நீதியின் தராசு இவரிடத்தில்தான் நேராக நின்றது.

ஏனெனில் சிறுநீர் எதை அறிவிக்கிறது என்பதே இங்கு மூலக் கேள்வி. மூச்சிலுள்ள மது, அந்நேரத்து மயக்கத்தை ஏறத்தாழ அளவாகவே காட்டும். கஞ்சாவின் கழிவோ மயக்கம் தெளிந்த பின்னும் நாட்கணக்கில், பழகியவரிடத்தில் வாரக்கணக்கில் சிறுநீரில் தங்கும். சனிக்கிழமை இரவு புகைத்தவன் புதன்கிழமை தெளிந்த அறிவோடு வேலைக்கு வந்தாலும் அகப்படுவான். குடித்துவிட்டு வந்தவனோ மறுநாள் சோதித்தால் தப்புவான். நம் சமையலறைக் கசகசாவும் இவ்வரலாற்றில் இடம்பெற்றது வியப்பே. அதை இட்ட ரொட்டி தின்றவரின் சிறுநீரில் அபினியின் சாயல் தோன்றியதால், 1998 இல் அமெரிக்க அரசு தன் சோதனையின் எல்லையளவை 300 நானோகிராமிலிருந்து 2,000 ஆக உயர்த்தியது.

1991 ஆகஸ்டில் நியூயார்க் சுரங்க ரயில் ஒன்று, குடித்திருந்த ஓட்டுநரால் தடம்புரண்டு ஐவர் இறந்தனர். அவ்வாண்டே பேரவை, ரயில், லாரி, பேருந்து, விமான ஊழியருக்கு மதுச்சோதனையையும் கட்டாயமாக்கியது.

வேலைக்கு மனுச்செய்வோர் நிலையில் வேடிக்கையொன்று உண்டு. ஜார்ஜியா மாநிலம் 1990 இல், தேர்தலில் நிற்போரும் சிறுநீர்ச் சான்று தரவேண்டும் எனச் சட்டம் இயற்றிற்று. கேடு எதுவும் காட்டப்படாத வெறும் அடையாளச் சடங்கு என்று உச்ச நீதிமன்றம் 1997 இல் எண்மர் வாக்கால் அதைத் தள்ளியது. கிடங்கில் மூட்டை தூக்க மனுக்கொடுத்தவனுக்கு அக்காப்பு இல்லை. அரசியல் சட்டம் அரசின் கையைக் கட்டுமேயன்றித் தனியார் முதலாளியின் கையைக் கட்டாது.

அக்கையைக் கட்டும் வேலையை இப்போது மாநிலங்களே மேற்கொள்கின்றன. கலிபோர்னியாவில் 2024 சனவரி முதல், மயக்கந்தராத கஞ்சாக் கழிவு சிறுநீரில் காணப்பட்டது என்பதை மட்டும் கொண்டு பெரும்பாலான வேலைகளில் ஒருவரை மறுக்கவோ நீக்கவோ இயலாது. கட்டடத் தொழிலாளருக்கு இச்சலுகை இல்லை. ரயில் ஓட்டுநருக்கு மத்திய அரசின் சோதனை விதியே பொருந்தும்.