ஆலய முற்றத்தில் பிறந்த அணி

திருத்தந்தை பிரான்சிசு 2025 ஏப்ரல் 21-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தபோது, அவரைப் பற்றி எழுதிய நாளிதழ்கள் பல ஒரு செய்தியைத் துணுக்காகச் சேர்த்திருந்தன. அர்ஜென்டினா நாட்டின் சான் லொரென்சோ என்னும் கால்பந்துக் கழகத்தில் அவர் இறுதிவரை உறுப்பினராக இருந்தார் என்பதே அது. படித்தோம், புன்னகைத்தோம், பக்கத்தைப் புரட்டினோம். ஆனால் அக்கழகம் தோன்றிய கதை வெறும் துணுக்கன்று. திருச்சபை வரலாற்றிலே அதற்கு ஓர் இடமுண்டு.

புனித தொன் போஸ்கோ தம் சலேசிய சபையின் முதல் மறைப்பணியாளர்களை 1875-இல் அனுப்பியது அர்ஜென்டினாவுக்கே. பிழைப்புத் தேடிக் கப்பலேறிய இத்தாலியக் குடும்பங்கள் அப்போது புவனோஸ் ஐரிஸ் நகரில் பெருகிக்கொண்டிருந்தன. அதே சபைக் குருக்கள் 1906-இல் அருட்தந்தை ஜார்ஜ் தொமாத்திஸ் தலைமையில் தஞ்சாவூரில் வந்திறங்கி இந்தியாவில் தம் பணியைத் தொடங்கினர். அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, புவனோஸ் ஐரிசின் அல்மாக்ரோ பகுதியில் நிகழ்ந்ததைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

அப்பகுதிச் சிறுவர்களுக்கு விளையாட இடமில்லை. தெருமுனையே அவர்களுக்குத் திடல். டிராம் வண்டிகள் ஓடும் தெரு அது. ஒருநாள் பந்தின் பின்னே ஓடிய சிறுவன் ஒருவன் டிராமில் அடிபட இருந்ததை, அருகிலிருந்த புனித அந்தோனியார் இளையோர் இல்லத்தின் சலேசியக் குரு லொரென்சோ மாஸா கண்டார். இருபதுகளில் இருந்த இளங்குரு அவர். சிறுவர்களைக் கடிந்து விரட்டியிருக்கலாம், காவலரை அழைத்திருக்கலாம். அவரோ ஆலயத்தின் பின்முற்றத்தைத் திறந்துவிட்டு, 'இங்கே விளையாடுங்கள். ஞாயிறு திருப்பலிக்கு மட்டும் தவறாமல் வாருங்கள்' என்ற பொருள்பட ஒரு நிபந்தனை விதித்தார்.

1908 ஏப்ரல் முதல் நாள் கழகம் முறையாக அமைந்தது. அதற்குக் குருவின் பெயரையே சூட்ட இளைஞர்கள் விரும்பினர். அவர் மறுத்தார். இறுதியில் மறைசாட்சி புனித லாரன்சின் பெயருக்கு இசைந்தார். 1813-இல் விடுதலைப் படைகள் சான் லொரென்சோ என்னும் ஊரில் வென்ற போரையும் அப்பெயர் நினைவூட்டியது. கழகத்தின் நீலமும் சிவப்பும் சகாய அன்னையின் ஆடை நிறங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. குருக்களின் கறுப்பு அங்கியை வைத்து எதிரணியினர் 'காக்கைகள்' என்று கேலி செய்ய, அதையே செல்லப் பெயராக ஏற்றுக்கொண்டனர்.

மாஸாவின் நிபந்தனை எனக்கு இன்றும் சற்று உறுத்தலாகவே இருக்கிறது. பந்தைக் காட்டிப் பூசைக்கு அழைப்பது முறையா என்று கேட்கலாம். ஆயினும் அவர் முதலில் கண்டது சிறுவனின் உயிருக்கு நேர்ந்த ஆபத்தை. நிபந்தனை அதன் பின்னரே வந்தது. அந்த வரிசையை நான் மதிக்கிறேன்.

அதே அல்மாக்ரோவின் சலேசிய ஆலயத்தில்தான் 1936 கிறிஸ்மஸ் அன்று குழந்தை ஹோர்கே பெர்கோலியோ திருமுழுக்குப் பெற்றார். ஒன்பது வயதில், 1946-இல் வாகை சூடிய சான் லொரென்சோ அணியின் ஆட்டங்களைக் கண்டு களித்ததைத் திருத்தந்தையான பின்னும் நினைவுகூர்வார்.

பின்னர் துயரமும் வந்தது. கடனும் இராணுவ ஆட்சியின் நெருக்குதலும் சேர, 1979 டிசம்பரில் தங்கள் பழைய திடலில் கடைசி ஆட்டத்தை ஆடிவிட்டு அணியினர் வெளியேறினர். அந்நிலத்தில் பின்னர் ஒரு பேரங்காடி எழுந்தது. பதினான்கு ஆண்டுகள் சொந்தத் திடலின்றி அலைந்தனர். 1993-இல் வேறிடத்தில் புதுத் திடல் கட்டியும் மனம் ஆறவில்லை. 2012-இல் பெருந்திரளாக நகரின் மைய சதுக்கத்தில் கூடி, அந்நிலம் கழகத்திற்கே திரும்ப வேண்டும் என்னும் சட்டத்தைப் பெற்றனர். 2019-இல் மண் அவர்கள் கைக்கு வந்தது. ஏழைத் தொழிலாளரும் பணம் திரட்டி மீட்டது நாற்பது ஆண்டுகளுக்கு முன் இழந்த ஒரு மைதானத்தை!

தென் அமெரிக்கக் கழகங்களின் பெரும் கோப்பையான லிபர்டடோரஸ் 1960-இல் தொடங்கியது. அர்ஜென்டினாவின் ஐந்து பெரிய கழகங்களுள் அதை வெல்லாதது சான் லொரென்சோ ஒன்றே என்ற ஏளனம் நெடுங்காலம் இருந்தது. பெர்கோலியோ திருத்தந்தையான மறு ஆண்டு, 2014 ஆகஸ்டில், பராகுவேயின் நசியோனால் அணியை ஓர்த்திகோசாவின் பெனால்டி கோலால் வென்று அக்குறையும் நீங்கிற்று. அணியினர் கோப்பையை வத்திக்கானுக்கே எடுத்துச் சென்று அவரிடம் காட்டினர்.

அவ்வாண்டு இறுதியில் அக்கோப்பையோடு தொடர்புடைய ஒருவர் சென்னைக்கும் வந்தார். 2011-இல் சான்டோஸ் அணியில் லிபர்டடோரஸ் வென்ற பிரேசில் வீரர் எலானோ, இந்திய சூப்பர் லீகின் முதல் பருவத்தில் சென்னையின் அணிக்காக 8 கோல் அடித்து, அத்தொடரிலேயே மிகுதியான கோல் அடித்தவரானார். ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் இளைஞர்கள் மின்தொடர் வண்டியேறி நேரு விளையாட்டரங்கிற்குச் சென்றனர். மறுநாள் மாலை எங்கள் ஆலயத்தின் பின்புறம், நண்பர்களைச் சுவராக நிறுத்தி அவர்கள் தலைக்கு மேல் பந்தை எலானோபோல் வளைக்க முயன்ற ஒருவன், லூர்து அன்னை கெபியின் கண்ணாடியை உடைத்தான்.

இப்போது அந்தப் பின்முற்றத்தில் சிமெண்ட் கல் பதித்து வாகன நிறுத்தமாக்க வேண்டுமெனப் பங்குப் பேரவையில் பேச்சு எழுந்துள்ளது. ஞாயிறு திருப்பலி வேளையில் வண்டிகள் சாலைவரை நிற்பது உண்மையே. அவர்கள் கேட்பதில் நியாயமில்லாமல் இல்லை. கூட்டத்தில் மாஸாவின் கதையைச் சொன்னேன். 'இப்போதுதான் டிராம் கிடையாதே ஃபாதர்' என்றார் ஒரு பெரியவர். சென்னையில் டிராம் 1953-இலேயே நின்றுவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சி.டி.எச். ரோட்டில் தண்ணீர் லாரிகள் விரையும் வேகத்தை அவரும் அறிவார்.

முடிவு அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. அதுவரை மாலை நான்கரை மணிக்குப் பின்கதவைத் திறந்து வைக்கும்படி உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறேன்.