தாத்தாவின் எருதும் மிருகக்காட்சிசாலை யானையும்



பாகூரில் என் தாத்தாவிடம் ஒரு ஜோடி எருது இருந்தது. அதில் கிழட்டு எருது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே நிற்கும். கால்நடை டாக்டர் வந்து கொம்பை விரலால் தட்டினார். பொள்ளலாகக் கேட்க வேண்டிய கொம்பு, மொத்தென்று கேட்டது. "கொம்புப் புற்றுங்க பெரியவரே, முத்திப் போச்சு" என்றார். "வாயில்லா ஜீவன், வலிக்குதுன்னு சொல்லுமா?" என்று தாத்தா அழுதேவிட்டார்.

பிற்பாடு நம் கல்லூரி லேபில் வெல்டிங் துண்டின்மேல் அல்ட்ராசானிக் கருவியை வைத்து விரிசலைத் தேடியபோது, அந்தச் சத்தம்தான் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒரே வித்தைதானே!

சரித்திரமும் அதையே சொல்கிறது. 1940-களில் அமெரிக்காவின் ஃபயர்ஸ்டோன், உலோகத்தில் குறை காணவே இக்கருவியைச் செய்தார். 1955-ல் கிளாஸ்கோ மகப்பேறு டாக்டர் இயன் டொனால்ட், பெண்களிடமிருந்து அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் போட்டுக்கொண்டு ஒரு பாய்லர் கம்பெனிக்கே போய்விட்டார்! அங்கிருந்த கருவியில் நீர்க்கட்டி ஒரு விதமாகவும், சதைக்கட்டி வேறு விதமாகவும் எதிரொலித்தன. 1958-ல் 'லான்செட்' இதழில் அவர் கட்டுரை வந்தது.

1990-களில் அதே வித்தை யானையிடம் போனது. பெர்லின் ஆய்வாளர் தாமஸ் ஹில்டெப்ராண்ட் குழுவினர் ஆசனவாய் வழியே கருவியைச் செலுத்தி, மிருகக்காட்சிசாலை யானைகளின் கருப்பையைப் பார்த்தார்கள். வயதான, கன்று ஈனாத ஆசிய யானைகளிடம் அதே சதைக்கட்டிகள்! முன்பெல்லாம் இவை பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையில்தான் தெரியவரும்.

இந்தக் கட்டிகள் புற்றுநோய் அல்ல. புற்றைத் தடுக்கும் டிபி53 ஜீன் நமக்கு ஒரு ஜோடி, யானைக்குச் சுமார் 20 ஜோடி என்று 2015-ல் கண்டார்கள். ஆனாலும் யானைக்குப் புற்று வராமலில்லை. ஸ்கேன் கட்டியைக் காட்டும்; அது புற்றா என்பதைத் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

நம் மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று காலை நடையில் சரிந்து விழுந்து இறந்தபோது ஊரே அழுதது. அது புற்றுநோயால் அல்ல. ஆனாலும் என் காதில் விழுந்தது தாத்தாவின் கேள்விதான்.

மிருகங்கள் நோயை மறைக்கும். வயதானவற்றை, நன்றாக இருக்கும்போதே ஆண்டுதோறும் பார்த்துவிட வேண்டும். நின்று பழகிய யானைக்கு மயக்க ஊசிகூட வேண்டாம். வில்லியனூருக்குப் பக்கத்தில் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டொனால்ட் எஞ்சினியர்களைத் தேடிப் போனார். நாம் ஒரு நாள் டாக்டர்களைத் தேடிப் போய்ப் பேசினால் என்ன?