ஷெஃபீல்ட் சவரக் கத்தியும் பளபளப்பு மோகமும்
பழைய சவரக் கத்தி கைக்கு வந்ததும் அதைக் கண்ணாடிபோல் மினுக்கிவிட வேண்டும் என்றுதான் பலருக்கும் தோன்றுகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் 19ஆம் நூற்றாண்டில் செய்த மடக்குக் கத்திகளுக்குத் துருவைவிட இந்த ஆசைதான் அதிகக் கேடு செய்கிறது என்பேன். அந்தக் கத்தி எந்தக் காலத்தது என்று சொல்லப் பெரும்பாலும் அதன் உடம்பைத் தவிர வேறு சாட்சி இல்லை. அலகை அடுத்த கழுத்தில் கிரீடத்துடன் ‘டபிள்யூ.ஆர்.’ என்று இருந்தால் அது நான்காம் வில்லியம் ஆண்ட 1830–1837 காலத்தது, ‘வி.ஆர்.’ என்றால் விக்டோரியா காலத்தது. ‘வார்ப்பு உருக்கு’ என்ற முத்திரைக்குப் பின்னால், 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் உருக்கி எடுத்த சீரான எஃகு நிற்கிறது. ‘வெள்ளி உருக்கு’ என்ற பெயர் பரவியது, விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயும் கத்தி செய்பவரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் 1820ஐ ஒட்டி எஃகில் வெள்ளி கலந்து பார்த்த பிறகு. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் கேட்டது. அதனால் ‘இங்கிலாந்து’ என்ற சொல்லும் காலத்துக்கு ஒரு தடயம், அது மட்டுமே போதாது என்றாலும். இவ்வளவும் மயிரிழை ஆழத்தில் பதிந்தவை. முரட்டு உப்புத்தாளால் சில நிமிடம் தேய்த்தால் போயே போய்விடும்.

செய்தபோதே அது மின்னிய கத்திதானே, மினுக்குவது பழைய நிலைக்குத் திருப்புவதாகாதா என்று கேட்கலாம். பல கத்திகள் மின்னியது உண்மை. ஆனால் அந்த மினுக்கு இருந்த மேல்தோல் துருவோடு போய்விட்டது. இன்று மினுக்கிய பின் நாம் காண்பது அடியிலுள்ள உலோகத்தைச் சுரண்டி எடுத்த புதுத் தோல். சாணைக்காரர் விட்ட கோடுகளும் அதோடு அழிகின்றன. கல்தூளும் எஃகுத்தூளும் நுரையீரலில் படிந்து ஷெஃபீல்டின் சாணைக்காரர்கள் இளம் வயதில் இறந்ததை அந்நகர மருத்துவர்கள் அக்காலத்திலேயே எழுதிவைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை, வேலை மிஞ்சியிருக்கிறது. அதை அழிக்க நமக்கு உரிமை உண்டு என்று நான் நினைக்கவில்லை.

சவரம் செய்ய உதவாத கத்தியை வைத்து என்ன பயன் என்பது இன்னும் வலுவான கேள்வி. ஆனால் சவரம் செய்வது அலகின் வாய், அதாவது அதன் கூரான விளிம்பு. பளபளப்புக்கு அதில் பங்கில்லை. தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படிகின்றன. முதுகின் தடிமனும் அலகின் அகலமும்தான் கூர்க்கோணத்தை, ஏறத்தாழ 16 முதல் 18 பாகை என, முடிவு செய்கின்றன. மினுக்குவதற்காக முதுகைத் தேய்த்தால் அந்தக் கோணம் கெடும். சுழலும் சக்கரத்தில் மெல்லிய வாய் சூடேறி நீல நிறம் கண்டால் எஃகின் கடினம் போயிற்று. ஆகவே மதிப்பிடும்போது பார்க்க வேண்டியது வேறு: வாயில் விரிசல் உண்டா, துருக்குழி வாயைத் தொட்டிருக்கிறதா, முதுகு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா. வாயைத் தொட்ட குழி தீட்டத் தீட்ட உதிரும். அலகின் நடுவில் கிடக்கும் குழியால் சவரத்துக்கு ஒரு குறையும் இல்லை. செந்துருவை எண்ணெயிட்டு மெல்ல எடுத்து, கறுத்த படிவை அப்படியே விடலாம்.

ஓரிடத்தில் மட்டும் பழையதைக் காக்கும் பிடிவாதத்தைத் தளர்த்தியே ஆக வேண்டும். செல்லுலாய்டு கைப்பிடி சிதையும்போது அமில ஆவி கசிந்து, மூடிய கத்தியை உள்ளிருந்தே அரிக்கும். அதைக் கழற்றிக் கொம்பிலோ மரத்திலோ புதுப்பிடி போடுவதே சரி. கழற்றிய பழைய பிடியை மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது, அவையும் துருப்பிடிக்கும்.