மௌனப்படக் காலத்தின் பியானோ இசை

ஒலிப்பதிவு இல்லாத திரைப்படம் ஓடும்போது, அரங்கிலேயே அமர்ந்து ஒருவரோ பலரோ அதற்கேற்ப இசைப்பது மௌனப்பட நேரடி இசை எனப்படும். 1890களின் பிற்பகுதி முதல் 1920களின் இறுதிவரை உலகின் பல பகுதிகளில் இவ்வழக்கம் இருந்தது. பேசாப்படம், ஊமைப்படம் என்ற பெயர்கள் படச்சுருளுக்குப் பொருந்தும். அரங்குக்குப் பெரும்பாலும் பொருந்தாது. பெரிய நகரங்களின் அரண்மனை போன்ற அரங்குகளில் முழு இசைக்குழு இருந்தது. சிற்றூர்களிலும் தெருவோரக் கொட்டகைகளிலும் ஒரே ஒரு பியானோதான் இருந்தது.

தொடக்கம்

1895 டிசம்பர் 28 அன்று பாரிசின் கிராண்ட் கஃபே நிலவறையில் லூமியேர் சகோதரர்களின் படங்கள் கட்டணத்துக்குக் காட்டப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 விநாடி ஓடும் பத்துப் படங்கள். கட்டணம் ஒரு பிராங்க். வந்தவர்கள் 33 பேர். அங்கு எமில் மராவல் என்பவர் பியானோ வாசித்ததாகக் குறிப்பிடப்படுகிறது. ஆனால் அன்றிலிருந்தே எல்லா அரங்குகளிலும் இசை இருந்தது என்று கொள்ள முடியாது. அமெரிக்காவில் தொடக்க ஆண்டுகளில் பல காட்சிகள் இசையின்றியே நடந்தன என்றும், சில இடங்களில் படங்களுக்கு இடைப்பட்ட நேரத்தில் மட்டுமே பியானோ ஒலித்தது என்றும் ஆய்வாளர் ரிக் ஆல்ட்மன் எடுத்துக்காட்டியுள்ளார்.

படம்காட்டும் கருவியின் இரைச்சலை மறைக்கவே இசை சேர்க்கப்பட்டது என்ற விளக்கம் இன்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. இது பாதி விளக்கமே. கருவி தனி அறைக்குள் போன பிறகும் இசை நிற்கவில்லை, வளர்ந்தது. இருட்டில் குரலற்று அசையும் மனித உருவங்கள் ஆவிகளைப் போல் அச்சமூட்டின, அந்த அச்சத்தைத் தணிக்கவே இசை தேவைப்பட்டது என்று ஹான்ஸ் ஐஸ்லரும் தியோடோர் அடோர்னோவும் 1947இல் எழுதினர். நாடக மேடையிலும் விளக்குப்படக் காட்சிகளிலும் இசை ஏற்கெனவே இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. பார்வையாளர் அதையே இங்கும் எதிர்பார்த்தனர்.

வாசிப்பு முறை

1905க்குப் பின் அமெரிக்காவில் ஐந்து செண்ட் கட்டணத்தில் படம் காட்டும் நிக்கலோடியன் என்ற சிறு அரங்குகள் பெருகின. பியானோக் கலைஞர்களுக்கு, அவர்களில் பெண்கள் பலர், இவை நிலையான வேலை தந்தன. வேலை எளிதல்ல. படங்கள் அடிக்கடி மாறும். முதல் காட்சிக்கு முன் படத்தைப் பார்க்க வாய்ப்புக் கிடைப்பது அரிது. கையால் சுழற்றப்பட்ட கருவியின் வேகமும் சீராக இருக்காது. திரையில் ஒரு கண், விசைகளில் இரு கைகள் என்று அடுத்து என்ன வரும் எனத் தெரியாமலே வாசிக்க வேண்டும். மரணப் படுக்கைக் காட்சிக்கு ஊரில் பிரபலமான துள்ளல் பாட்டை வாசித்தவர்களைப் பற்றித் திரைத்துறை இதழ்கள் குறைப்பட்டுக்கொண்டன.

இக்குறையைத் தீர்க்க எடிசன் நிறுவனம் 1909 முதல் தன் படங்களுக்கு ஏற்ற இசை பற்றிய குறிப்புகளை வெளியிட்டது. எந்தக் காட்சிக்கு எந்த இசைத்துண்டு என்று வரிசையாகச் சொல்லும் குறிப்புத்தாள்கள் பின்னர் படச்சுருளோடு அனுப்பப்பட்டன. 1919இல் பெர்லினில் ஜுசெப்பே பெச்சே, உணர்ச்சிவாரியாக வகுத்த இசைத்தொகுப்பை வெளியிடத் தொடங்கினார். இவ்வகைத் தொகுப்புகளில் மிகப் பயனுடையது எர்னோ ராப்பே 1924இல் நியூயார்க்கில் வெளியிட்ட நூல். துரத்தல், புயல், காதல், துயரம், இரயில் என மனநிலைகளின் அட்டவணை அதன் ஒவ்வொரு பக்க ஓரத்திலும் அச்சிடப்பட்டிருந்தது. ஒரு கை வாசிப்பை விடாமல் தொடர, மறு கை வேண்டிய பக்கத்தைப் புரட்டும். அரங்கில் அமர்ந்து வாசித்தறிந்த ஒருவரால்தான் இப்படி ஒரு பக்க அமைப்பைச் சிந்தித்திருக்க முடியும்.

தனிப் படங்களுக்கென்றே இயற்றப்பட்ட இசையும் உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் சேன்-சான்ஸ் 1908இல் ‘கீஸ் கோமகனின் கொலை’ என்ற படத்துக்கு இசையமைத்தார். பின்னாளில் புகழ்பெற்ற சிலரும் இவ்வரங்குகளில் ஊதியத்துக்கு வாசித்தவர்களே. தந்தை 1922இல் இறந்தபின் குடும்பத்தைக் காக்க, மாணவராயிருந்த டிமிட்ரி ஷோஸ்டகோவிச் லெனின்கிராடு திரையரங்குகளில் பியானோ வாசித்தார். அந்த வேலை அவரைக் களைப்பில் ஆழ்த்தியது. ஆயினும் 1929இல் ‘புதிய பாபிலோன்’ என்ற மௌனப்படத்துக்கு இசையமைத்தவர் அவரே. நியூயார்க்கின் ஹார்லெமில் ஃபேட்ஸ் வாலர் இளம் வயதில் அரங்க ஆர்கன் வாசித்தார்.

இந்தியாவில்

பம்பாய் வாட்சன் ஓட்டலில் 1896 ஜூலை 7 அன்று லூமியேர் படங்கள் காட்டப்பட்டன. இந்திய மௌனப்படக் கொட்டகைகளில் ஆர்மோனியமும் தபலாவும் ஒலித்தன. எழுத்தட்டைகளைப் படிக்க இயலாதோர் மிகுதியாக இருந்ததால், திரையருகே நின்று கதையை உரக்கச் சொல்பவரும் இருந்தார். ஜப்பானில் இத்தகைய கதைசொல்லிகள் ‘பென்ஷி’ எனப்பட்டனர். சில பென்ஷிகள் நடிகர்களைவிடப் புகழ் பெற்றிருந்தனர்.

முடிவும் மீட்பும்

1927 அக்டோபர் 6 அன்று ‘தி ஜாஸ் சிங்கர்’ வெளியானது. சில ஆண்டுகளுக்குள் அரங்க இசைக்கலைஞர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தனர். அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம், இசையை இயந்திர மனிதன் வாசிப்பதாகச் சித்திரித்த செய்தித்தாள் விளம்பரங்கள் மூலம் மக்களிடம் முறையிட்டது. பயனில்லை. அதே நேரத்தில் பொருளாதாரப் பெருமந்தமும் தொடங்கியதால் வேறு வேலையும் எளிதில் கிடைக்கவில்லை. இந்தியாவில் 1931இல் ‘ஆலம் ஆரா’வும் ‘காளிதாஸ்’ படமும் வெளிவந்தன. மௌனப்படங்கள் உடனே மறையவில்லை. ‘மார்த்தாண்ட வர்மா’ 1933இல்தான் வந்தது.

படங்களே பெருமளவு அழிந்துவிட்டன. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 2013 ஆய்வின்படி, அந்நாட்டின் முழுநீள மௌனப்படங்களில் சுமார் 14 விழுக்காடு மட்டுமே மூல வடிவில் எஞ்சியுள்ளன. அவற்றுக்காக அன்றன்று கற்பனையில் பிறந்த வாசிப்பின் கதி இன்னும் மோசம். குறிப்புத்தாள்களும் தொகுப்பு நூல்களும் கிடைக்கின்றன. ஒரு சிற்றூர்க் கலைஞர் ஒரு மாலைக் காட்சியில் உண்மையில் எப்படி வாசித்தார் என்பது எழுதப்படவே இல்லை.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஆர்தர் கிளைனர் 1939 முதல் பல்லாண்டுகள் மௌனப்படங்களுக்குப் பியானோ வாசித்து, இக்கலையின் தொடர்ச்சியைக் காத்தார். 1980இல் லண்டனில் ஆபெல் கான்ஸின் ‘நெப்போலியன்’ கார்ல் டேவிஸின் இசையோடு திரையிடப்பட்டது. இத்தாலியின் போர்தெனோனேயில் 1982 முதல் மௌனப்படங்களுக்கென்றே விழா நடக்கிறது. இந்தியாவில் படமாக்கப்பட்ட ‘ஷிராஸ்’ (1928) புதுப்பிக்கப்பட்டபோது, 2017இல் அனுஷ்கா சங்கரின் இசைக்குழு அதற்கு நேரடியாக வாசித்தது. அந்த இசையில் பியானோவுடன் சித்தாரும் ஒலித்தது.