நாய்ப் பெட்டியில் ஊட்டிக்கு

சென்னையில் இருக்கும் பேரன் போன வாரம் போன் செய்தான். "தாத்தா, மே மாசம் ஊட்டிக்குப் போறோம். நம்ம நாயை ரயில்ல கூட்டிட்டுப் போக விடுவாங்களா?"

விடுவார்கள். முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ மொத்தமாக எடுத்துக்கொண்டால் நம்மோடு படுத்து வரும். மற்ற வகுப்புகளில் கூடாது. அதற்குக் காசில்லாதவன் நாயை கார்டு வேனில் உள்ள நாய்ப் பெட்டியில் அடைக்க வேண்டும். "நாய்ப் பெட்டியா, அது எப்படி இருக்கும்?" என்றான். எனக்குத் தெரியும்.

இந்த விதியில் வெள்ளைக்காரன் வாசனை இன்னும் போகவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோடை வந்தால் சென்னை மாகாண அரசாங்கமே ஊட்டிக்கு மூட்டை கட்டும். கவர்னர் போவார், கோப்புகள் போகும், அவற்றைச் சுமந்துகொண்டு என்னைப் போன்ற குமாஸ்தாக்களும் போவார்கள். துரைமார்களின் நாய்களும் மலையேறின. வேட்டை நாய்களை இங்கிலாந்திலிருந்து கப்பலிலேயே வரவழைத்தார்கள். அங்கே துரத்துவதற்கு அவர்கள் ஊர் நரி இல்லாததால் குள்ளநரியைத் துரத்தினார்கள். முதல் வகுப்பில் போகிற துரைக்கு நாய் ஒரு துணை. மற்றவனுக்கு அது லக்கேஜ். துரைமார்கள் போய்விட்டார்கள், பெட்டி இருக்கிறது.

1986 மே மாதம் நாங்கள் மணியை அழைத்துக்கொண்டு போனோம். நாட்டு நாய், செம்பழுப்பு நிறம். ஓரிக்கையில் யாரிடமும் விட்டுப் போக முடியவில்லை. முந்தைய வருடம் விட்டுப் போனபோது நாலு நாள் சோறு தொடவில்லை. கால்நடை மருத்துவரிடம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுச் சான்றிதழ் வாங்கினேன். சென்னை சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ். எங்களுக்கு இரண்டாம் வகுப்பு. மணிக்கு லக்கேஜ் ரசீது.

பெட்டி என்பது இரும்புக் கூண்டு. சின்னக் கதவு, காற்றுக்குச் சில துளைகள், நிமிர்ந்து நிற்க இடம் போதாது. காட்பாடியில் தண்ணீர்க் குவளையோடு ஓடினேன், குடிக்கவில்லை. ஜோலார்பேட்டையில் குடிக்கவில்லை. சேலத்தில் என் விரலை மட்டும் நக்கியது. ஈரோட்டில்தான் இரண்டு வாய் குடித்தது. அந்த ராத்திரி நான் தூங்கவில்லை. கார்டு நல்ல மனிதர், "சார், நான் பார்த்துக்கிறேன், போய்ப் படுங்க" என்றார். படுத்தேன், அவ்வளவுதான்.

மேட்டுப்பாளையத்தில் இறங்கி வாடகைக் காரில் ஏறினோம். குன்னூரில் சிம்ஸ் பூங்கா அருகே கார் நின்றபோது ஒரு பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. பாஸ்டர் நிலையம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு அவர் 'பஸ்தேர்'. 1885 ஜூலை 6ஆம் தேதி, வெறிநாய் கடித்த ழொசெஃப் மெய்ஸ்தேர் என்ற 9 வயது அல்சாஸ் பையனுக்கு அவர் முதல் ஊசி போட வைத்த கதை எங்கள் பாடப் புத்தகத்தில் உண்டு. அந்தப் பையன் பிழைத்தான், பிற்பாடு பாரிஸ் பாஸ்டர் நிலையத்திலேயே காவலாளியாக இருந்தான்.

அந்த ஊசி நம் பக்கம் வந்துசேரத் தாமதமானது. முதலில் வசதியுள்ளவர்கள் பாரிஸுக்கே கப்பலேறினார்கள். 1900இல் சிம்லா பக்கம் கசௌலியில் நிலையம் வந்தது. தெற்கே கடிபட்டவன் நாட்டின் அந்தக் கோடிக்கு ரயிலேற வேண்டும். வெறிநோய்க்கு அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு மருந்தில்லை, அதனால் ஒவ்வொரு நாளும் கணக்கு. 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலப் பெண் நாய்க்கடியால் இறந்தாள். அதன் பிறகுதான் தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் கொடுத்த பணத்தில் 1907இல் குன்னூர் நிலையம் திறந்தது. அதற்கு முன் பெயர் தெரியாமல் செத்த கிராமத்துப் பிள்ளைகள் எத்தனை பேரோ. துரைமார் வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகே வந்தது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனாலும் வந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்டு பிழைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள்.

காரில் மணி என் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. சட்டைப் பையில் அதன் சான்றிதழ் இருந்தது. பிள்ளைகள் பக்கத்தில் அதைப் பயமில்லாமல் உட்கார வைத்திருந்தேன் என்றால் அந்தக் காகிதத்தால்தான்.

ஊட்டியில் ஐந்து நாள். ஏரிக்கரையில் மணி ஓடிய ஓட்டத்தைப் பிள்ளைகள் இன்றும் சொல்வார்கள்.

திரும்பும்போது மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் பெட்டியைப் பார்த்ததும் மணி நான்கு காலையும் பரப்பிப் படுத்துவிட்டது. இழுத்தேன், முனகியது. விட்டுவிட்டேன். மனைவியையும் பிள்ளைகளையும் ரயிலேற்றினேன். "நாயில்லாம சொர்க்கத்துக்கே வரமாட்டேன்னாராமே, பெரிய தர்மராஜா" என்று ஜன்னலிலிருந்து மனைவி சொன்னாள். மண்டியில் விசாரித்து, சென்னைக்கு உருளைக்கிழங்கு ஏற்றிப் போகிற லாரி ஒன்றில் இடம் பிடித்தேன். டிரைவர் நாய்க்குக் காசு கேட்கவில்லை, எனக்குத்தான் கேட்டார். மறுநாள் காலை பாலுசெட்டிசத்திரத்தில் எங்களை இறக்கிவிட்டார். அங்கிருந்து இருவரும் ஓரிக்கைக்கு நடந்தே வந்தோம்.

பேரனிடம் காரில் போகச் சொல்லியிருக்கிறேன். ஊசி போட்ட சான்றிதழை மறக்காதே என்றும்.