திருமணமாகி நாடு மாறும்போது பறிபோகும் வதிவிட உரிமை

பெண் சுவிஸில், மாப்பிள்ளை கனடாவில். போர் சிதறடித்த எமது குடும்பங்களில் இது இன்று வழமையான சம்பந்தம். புதிய நாட்டின் விசாவுக்காக அலையும் பலர், விட்டுச்செல்லும் நாட்டின் வதிவிட உரிமை கைநழுவுவதைக் கவனிப்பதில்லை.

சுவிஸ்: வெளியேறுவதாக உள்ளூராட்சி அலுவலகத்தில் பதிந்தால் 'சி' அனுமதி அற்றுப்போகும். பதியாமல் சென்றாலும் 6 மாதங்களில் அது முடிந்துவிடும். அதற்கு முன்னர் விண்ணப்பித்து அனுமதி பெற்றால் 4 ஆண்டுகள் வரை அதைத் தக்கவைக்கலாம்.

பிரித்தானியா: காலவரையறையற்ற வதிவிட அனுமதி பெற்றவர் தொடர்ச்சியாக 2 ஆண்டுகளுக்கு மேல் வெளியே தங்கினால் பொதுவாக அதனை இழப்பார்.

கனடா: நிரந்தர வதிவாளர் 5 ஆண்டுகளில் 730 நாட்கள் அங்கு வாழ்ந்திருக்க வேண்டும். கனேடியக் குடியுரிமையுள்ள துணையுடன் வெளிநாட்டில் வாழும் நாட்களும் கணக்கில் சேரும். அட்டை காலாவதியாவதால் மட்டும் உரிமை போகாது.

புதிய அனுமதி துணையின் கையில் தங்கியிருக்கும் காலத்தில் மணவாழ்வு முறிந்தால், பழைய நாட்டின் கதவும் அடைபட்டிருக்கும். மிஞ்சுவது, தப்பி வந்த இலங்கை மட்டுமே.

ஆகவே, புதிய அனுமதி கைக்கு வரும்வரை பழைய பதிவை நீக்காதீர்கள். தகுதி இருந்தால் குடியுரிமை பெற்ற பின்னரே புறப்படுங்கள்.