வெயில் ஏறிய தலைகள்

சிரோ கெர்ரா இயக்கிய 'வெயிட்டிங் ஃபார் தி பார்பேரியன்ஸ்' (2019) படத்தில் ஊருக்குப் பெயர் கிடையாது. பேரரசுக்கும் பெயர் கிடையாது. கறுப்புக் கண்ணாடி போட்ட கர்னல் ஜோல் எல்லைக் கோட்டைக்கு வருகிறான். 'காட்டுமிராண்டிகள்' படையெடுக்கப் போகிறார்கள் என்பதற்கு அவனுக்கு வாக்குமூலம் வேண்டும். ஆட்களைப் பிடித்து வதைத்து வாங்கிக்கொள்கிறான். வருஷக்கணக்காக அங்கேயே இருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கு மனசு கேட்கவில்லை. எதிர்க்கிறார், கடைசியில் அவரும் அடிபடுகிறார்.

ஜே.எம். கூட்ஸியின் மூல நாவல் 1980இல் வந்தது. ஸ்டீவ் பிகோ போலீஸ் காவலில் செத்து அப்போது மூன்று வருஷம்தான். பெயர் போடாவிட்டாலும் எந்த ஊர் என்பதைத் தென்னாப்பிரிக்க வாசகருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நாற்பது வருஷம் கழித்துத் திரையில் அதே பெயரின்மை வேறு வேலை செய்கிறது. கொடுமை எங்கேயும் நடக்கும், யாரும் செய்வார்கள் என்றாகிவிடுகிறது. யாரும் செய்வார்கள் என்றால் குறிப்பாக யாரும் செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? ஒரு கெட்ட கர்னல், ஒரு நல்ல மாஜிஸ்திரேட், இரண்டு பேருக்கும் நடுவே ஓர் அறப் போராட்டம். பேரரசு பின்னணித் திரைச்சீலையாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இதே கதையாடலைப் பெயர்களோடும் தேதிகளோடும் ஒரு முறை வாசித்துப் பார்க்கலாம். இடம், நைஜர் ஆற்றுக்கும் சாட் ஏரிக்கும் நடுவே உள்ள வறண்ட நிலம். வருஷம் 1899.

கேப்டன் பால் வூலே, அவனுடைய கூட்டாளி லெப்டினன்ட் ஜூலியன் ஷனுவான். (மகன் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிய 1898இல் ஷனுவானின் அப்பா கொஞ்ச நாள் பிரான்சின் யுத்த மந்திரி.) அந்த நிலத்தைப் பிரெஞ்சுப் 'பாதுகாப்பின்' கீழ் கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. எப்படி என்று உத்தரவில் இல்லை. கொடுத்த பணம் போதாது. ஒரு சில வெள்ளை அதிகாரிகள், சில நூறு ஆப்பிரிக்கச் சிப்பாய்கள், பிடித்து இழுத்துவரப்பட்ட நூற்றுக்கணக்கான சுமைகூலிகள். சிப்பாய்களில் குதிரைப்படைக்காரர்களுக்கு 'ஸ்பாஹி' என்று பெயர். நம்ம சிப்பாய்தான், ஒரே பாரசீகச் சொல். இத்தனை பேருக்கும் சோறு, தண்ணி, கூலி எங்கிருந்து வரும்? வழியில் இருக்கிற ஊர்களிலிருந்து. சிப்பாய்க்குக் கூலி, கொள்ளைப் பொருளும் பிடிபட்ட பெண்களும். தண்ணீரே அரிதான நாட்டில் இப்படி ஒரு படை நடந்தால் கிணறு வற்றும், களஞ்சியம் காலியாகும், ஊர்க்காரர் எதிர்ப்பார், ஊர் எரியும். இதற்குப் பைத்தியக்காரத் தளபதி தேவையில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

1899 மே மாதம் பிர்னி ந்கொன்னி என்ற நகரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். படையிலிருந்து விரட்டப்பட்ட பெத்தோ என்கிற லெப்டினன்ட், அதற்கு முன்பே நடந்தவற்றைத் தன் வருங்கால மனைவிக்குக் கடிதமாக எழுதியிருந்தான். அது பாரிசை எட்டியது. த்ரைஃபஸ் வழக்கில் ராணுவத்தின் மானம் கப்பலேறிக்கொண்டிருந்த நேரம். இன்னொரு அசிங்கம் வேண்டாம் என்று லெப்டினன்ட் கர்னல் க்ளோபை அனுப்புகிறார்கள். இவர்தான் நம்முடைய மாஜிஸ்திரேட். எரிந்த ஊர்களையும் மரத்தில் தொங்கும் பிணங்களையும் வழிகாட்டிப் பலகைகளாகக் கொண்டு போகிறார், நாட்குறிப்பில் எழுதுகிறார். ஜூலை 14, பிரெஞ்சுப் புரட்சியின் திருநாள். தங்கோரி என்ற இடத்தில் வூலேயைச் சந்திக்கிறார். சுடக்கூடாது என்று தன் ஆட்களுக்குக் கட்டளையிட்டுவிட்டு முன்னே நடந்த க்ளோபை வூலேயின் துப்பாக்கிகள் சாய்த்தன. அன்றைக்கே வூலே தன் சக அதிகாரிகளிடம், தான் இனிப் பிரெஞ்சுக்காரன் இல்லை, கறுப்பர்களின் தலைவன், இங்கேயே ஒரு சாம்ராஜ்யம் அமைக்கப் போகிறேன் என்றான்.

சில நாட்களுக்குள் ஷனுவானும் வூலேயும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கொன்றது பாரிஸ் இல்லை, அவர்களுடைய ஆப்பிரிக்கச் சிப்பாய்களே. இதை விடுதலைக் கலகமாக வாசிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஊர்களைக் கொளுத்தியதும் அதே கைகள். இவனோடு போனால் இனி ஊர் திரும்ப முடியாது, பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் துப்பாக்கி திரும்பியது. அதிகாரம் தன் அடியாட்களை எப்படிக் கட்டிப்போடுகிறது, அந்தக் கட்டு எந்தப் புள்ளியில் அறுகிறது என்று யோசிக்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். உத்தியோகபூர்வ வரலாறு நிற்கவில்லை.

அது சொன்ன காரணம் பைத்தியம். வெயில். ஆப்பிரிக்க வெயில் வெள்ளைக்காரன் மூளையில் ஏறினால் வருகிற 'சூடானைட்' என்றொரு வியாதியே அந்தக் காலத்துப் பிரெஞ்சுப் பேச்சில் புழங்கியது. வூலே 1896இல் மோசி மக்களின் தலைநகரான உவாகடூகூவைப் பிடித்து எரித்தபோது அவனுக்குப் பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. புகழும் அடுத்த பொறுப்பும் கிடைத்தன. கிராமத்தை எரித்தவரைக்கும் தெளிந்த புத்தி, வெள்ளை மேலதிகாரியைச் சுட்ட அன்றைக்குப் பித்தம்! சரி, பைத்தியக்காரன் பிடித்த நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்களா? க்ளோபோடு வந்து காயம்பட்டுப் பிழைத்த மேனியேவும், வூலேயின் படையிலேயே இருந்த ஜோவாலானும் அதே சிப்பாய்களைத் திரட்டிக்கொண்டு கிழக்கே போனார்கள். ஜூலை முடிவதற்குள் சிந்தர் நகரம் விழுந்தது. 1900 ஏப்ரலில், சாட் ஏரிக்குத் தெற்கே குசேரியில், மற்ற பிரெஞ்சுப் படைகளோடு சேர்ந்து ரபிஹ்-ஐ முறியடித்துக் கொன்றார்கள். இரண்டு பேரும் பிற்காலத்தில் ஜெனரல் ஆனார்கள். நல்ல அதிகாரியின் ஆளும் கெட்ட அதிகாரியின் ஆளும் சேர்ந்து வேலையை முடித்துவைத்த கதை இது. ஜோலுக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் நடுவே படம் போடுகிற கோடு இந்த நிலத்தில் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

இதே வூலேயை வைத்து எடுத்த இன்னொரு படம் இருக்கிறது. மொரிட்டேனியாவில் பிறந்த மெத் ஒண்டோவின் 'சராவ்னியா' (1986). நைஜர் எழுத்தாளர் அப்துலாயே மமானியின் நாவலிலிருந்து எடுத்தது. கெர்ராவின் படத்தில் மாஜிஸ்திரேட் கால் கழுவிவிடுகிற அந்தப் பெண்ணுக்குப் பெயரே இல்லை, அவர் படுகிற குற்ற உணர்ச்சியின் பாத்திரம் அவள். ஒண்டோ அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறார். அஸ்னா மக்களின் அரசியாகப் போகிற சிறுமி வில்லும் மூலிகையும் கற்கிறாள். வடக்கே துவாரெக், தெற்கே சொகோட்டோ என்று பக்கத்து அரசுகளுக்கும் அவள் பணிந்ததில்லை. பக்கத்துத் தலைவர்களின் கோழைத்தனத்தையும் மதச் சண்டையையும் ஒண்டோ மூடி மறைக்கவில்லை. 1899 ஏப்ரலில் லூகூவில் வூலேயை எதிர்த்துவிட்டுக் காட்டுக்குள் பின்வாங்கும் அவளுக்கு அந்த நிலம் 'எல்லை' கிடையாது, வீடு. எல்லை என்ற சொல்லே வெளியிலிருந்து வந்தவனுடையது என்பதைப் பேசாமலேயே கேமராவை வைக்கிற இடத்தால் காட்டிவிடுகிறார்.

இந்தப் படத்துக்கு நைஜர் அரசு ஒத்துழைப்பதாக இருந்து பின்வாங்கியது. தாமஸ் சங்காரா ஆட்சியிலிருந்த புர்கினா ஃபாசோ இடம் கொடுத்தது, படப்பிடிப்பு அங்கே நடந்தது. 1987இல் ஃபெஸ்பாக்கோ திரைப்பட விழாவின் முதல் பரிசு 'சராவ்னியா'வுக்குக் கிடைத்தது. அதே வருஷம் அக்டோபரில் சங்காரா கொல்லப்பட்டார். விழா நடந்த ஊர் உவாகடூகூ, தொண்ணூறு வருஷத்துக்கு முன் வூலே கொளுத்திய ஊர்.